டெப்பட் எண்டா என்ன, தமிழ்ல எப்பிடிச் சொல்லலாம்

எஞ்சின்ல வால்வைத் திறக்கிற வேலையில வாற டெப்பட் எண்டு, வாகனம் திருத்துற நம்மட கறாச்சுகள்ல சொல்ற சொல்லுக்கு இப்ப நாலு அர்த்தம் ஓடுது. எஞ்சினுக்குள்ள இருக்கிற ஒரு சாமானும் டெப்பட்தான், வால்வை அமத்துற நெம்புகோலான ரொக்கர் ஆம்ட கரையில இருக்கிற இறுக்குற ஆணியும் டெப்பட்தான், வால்வுக்கும் ரொக்கருக்கும் நடுவுல விடுற இடைவெளியும் டெப்பட்தான், அந்த இடைவெளி கூடினா வாற டக்டக் சத்தமும் டெப்பட்தான். சம்மாந்துறை மில்லுக்கு நெல்லு ஏத்துற பழைய லொறிக்காரர் வந்து "மனே, டெப்பட் அடிக்குது, கொஞ்சம் இறுக்கி உடு" எண்டா அவர் சொல்றது சத்தத்தை, மெக்கானிக் கை வைக்கிறது ஆணியில, ஆனா தேஞ்சிருக்கிறது வேற எதுவாவும் இருக்கலாம்.

உண்மையான டெப்பட் மேல இருந்து பாத்தா கண்ணுக்கே தெரியாது. எஞ்சின் புளொக்குக்குள்ள, கேம் எண்ட புடைப்புகள் இருக்கிற சுத்துற தண்டான கேம் சாப்டுக்கு மேல குந்தியிருக்கிற, கிண்ணம் மாதிரி குட்டி உருளைதான் அது. புஸ் ரொட் எண்ட தள்ளுற கம்பிட கீழ்நுனி அதுக்குள்ள நிக்கும். கேம் சுத்தித் தூக்க இது ஏறும், புஸ் ரொட் ரொக்கரைத் தள்ளும், ரொக்கர் மற்றக் கரையால வால்வை அமத்தித் திறக்கும்.

சொல்லு வந்தது இங்கிலீஷ்ல இருந்து. டப் எண்டா தட்டுறது, அதோட சின்ன ஒட்டு ஒண்டு சேந்து டெப்பட் ஆச்சு. காரும் லொறியும் வாறதுக்கு முந்தி, 18ஆம் நூற்றாண்டுலயே மெசின்காரர் புழங்கின சொல்லு இது. விசைத்தறியிலயும் டெப்பட் இருக்கு, அங்க நூலை மேல கீழ பிரிக்கிற கேமுக்கே அந்தப் பேர், மருதமுனையில கைத்தறிக்காரர் காலால மிதிச்சுச் செய்ற வேலையை விசைத்தறியில அது செய்யும். எஞ்சினுக்கு வரக்குள்ள பேர் இடம் மாறி, கேம்ல படுற சாமானுக்குப் போயிட்டு.

இந்தக் குழப்பத்தால வாற நட்டம் சின்னதில்ல. பழைய இசுசு எல்ஃப் லொறிட 4ஜேபி1 எஞ்சினை எடுங்க, ஆறின எஞ்சின்ல இடைவெளி 0.40 மில்லிமீட்டர். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான பீலர் கேஜ் வச்சு சரியா 0.40 வச்சாலும் சத்தம் நிக்காத லொறிகள் இரிக்கு. ஏனெண்டா ரொக்கர் நுனி வால்வுத் தலையில பட்டுப் பட்டு நடுவுல குழிஞ்சு போயிருக்கும், கேஜ் தகடு அந்தக் குழிக்குள்ள இறங்காம ரெண்டு கரையிலயும் முட்டி நிக்கும், அப்ப கேஜ் 0.40 எண்டு காட்ட உள்ளுக்க இருக்கிற இடைவெளி அதை விடக் கூட. இதுக்கு ஆணியை இறுக்கிப் பிரயோசனமில்ல, நுனியை அதே வளைவுல கல்லுல சீவி எடுக்கணும், மேல்பக்கத்து உறுதியான படை போற அளவுக்குத் தேஞ்சிருந்தா ரொக்கரையே மாத்தணும். ரொக்கர் ஆடுற தண்டான ரொக்கர் சாப்டையும் கழட்டி அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க, புஸ் ரொட்டும் வால்வு ஸ்பிரிங்கும் ரெண்டு கரையாலயும் ரொக்கரை மேல தள்ளுறதால சாப்ட் தேயிறது அடியிலதான், விரல்ல படி மாதிரி முட்டும். சில பேர் சாப்டைத் திருப்பிப் போட்டுட்டு அனுப்புறாங்க, அப்ப ஒயில் ஓட்டைகள் இடம் மாறிடும், அது சரியான வேலையே இல்ல.

இன்னொண்டு, சத்தமில்லாட்டி நல்லம் எண்டு நினைக்கிறதுதான் எல்லாத்தையும் விட மோசமான பழக்கம். வால்வு மூடக்குள்ள குந்துற இடமான சீட்டுக்குள்ள அது தேஞ்சு இறங்க இறங்க இடைவெளி குறையும், எஞ்சின் அமைதியா ஓடும், ஆனா புகையை வெளிய விடுற எக்சோஸ்ட் வால்வு முழுசா மூடாது, தன்ட சூட்டை சீட்டுக்குக் குடுக்க ஏலாம கரை எரிஞ்சு போயிடும்.

தமிழ்ல என்ன சொல்லலாம்? தட்டு எண்ட வினையில இருந்து "தட்டி" எண்டு வைக்கலாம்தான், ஆனா தட்டி எண்டா நமக்கு மறைப்புத் தட்டிதான் ஞாபகம் வரும், மறுகா அந்தச் சாமான்ட வேலை தட்டுறதும் இல்ல, புஸ் ரொட்டை ஏந்திக்கொண்டு மேல போறதுதான். அதால சாமானுக்கு "ஏந்துமுளை" எண்டதுதான் எனக்குப் பொருத்தமாப் படுது. இடைவெளிக்கு "வால்வு இடைவெளி" போதும், ஆணிக்கு "இடைவெளி ஆணி". கேமுக்கு நெம்புருள் எண்டு ஏற்கனவே நல்ல சொல்லு இருக்கு.

கறாச்சுல டெப்பட் எண்டே பேசுங்க, அதுல பிழையில்ல. பில் எழுதக்குள்ள மட்டும் டெப்பட் வேலை எண்டு ஒரே வரியில போடாம, ரொக்கர் நுனியா, ரொக்கருக்கும் சாப்டுக்கும் நடுவுல இருக்கிற புஸ்சா, சாப்டா, ஏந்துமுளையா எண்டு பிரிச்சு எழுதச் சொல்லுங்க, அப்பதான் சாமான் கடையிலயும் சரியான சாமான் கிடைக்கும்.