முதுகுப்பொதி அல்ல, ஏறுபை

"குறைந்தபட்ச அல்பைன் முதுகுப்பொதி." 'மினிமலிஸ்ட் அல்பைன் பேக்பேக்' என்ற ஆங்கிலத்துக்கு வைத்த இந்தத் தொடரை மூன்றாவது தடவையாகப் பார்த்துவிட்டேன். முதல் தடவை, பனிமலை ஏறுகிறவர்களைப் பற்றிய ஒரு விவரணப் படத்தின் தமிழ்க் குரலில் கேட்டது. இரண்டாவது, இணையக் கடை ஒன்றில். மூன்றாவதுதான் பொறுக்க முடியாமல் போனது. மொழிபெயர்ப்பைத் தொழிலாகச் செய்யும் ஒரு தம்பி, திருத்தித் தரும்படி எனக்கு அனுப்பிய பிரதியில் அதே தொடர் எழுத்துப் பிசகாமல் கிடந்தது. கோடு போட்டுத் திருப்பி அனுப்பினேன். "இணையத்தில அப்படித்தானே அண்ணன் இருக்கு" என்று பதில் வந்தது. மூன்று சொல்லில் மூன்றும் பிழையாக இருக்கும் ஒரு தொடர் இப்படித்தான் நிலைத்துவிடுகிறது.

பொருளை முதலில் பார்ப்போம். சுவிற்சர்லாந்தில் இருக்கும் என் மருமகன் போன விடுமுறைக்கு மட்டக்களப்பில் கல்லடிக்கு வந்தபோது தன்னுடைய பையைக் கொண்டுவந்தான். அவன் அங்கே அல்ப்ஸ் மலையில் ஏறுகிற ஆள். 30 லீற்றர் கொள்ளும் பை, ஆனால் வெறுமையாகத் தூக்கினால் ஒரு போத்தல் தண்ணீரின் பாரம்கூட இல்லை. மேலே ஒரே வாய், அதைச் சுருக்க ஒரு கயிறு. வெளிப்பக்கம் பனிக்கோடரி செருக இரண்டு கண்ணி. உச்சியில் கயிற்றுச் சுருளை அமுக்கிக் கட்ட ஒரு வார். முதுகுப் பக்கத்தில் ஒரு நுரைத் தகடு. அதை உருவி எடுத்துப் பனியில் போட்டு உட்காரலாம். இடுப்புப் பட்டியைக் கழற்றிவிடலாம், ஏனென்றால் ஏறுகிறவரின் இடுப்பில் கயிறு கோக்கும் கச்சை ஏற்கெனவே இருக்கிறது. பை உடம்பை விட்டு அகலாது. கையை வீசி மேலே கொத்தும்போது முழங்கை தட்டுப்படக் கூடாது. தலைக்கு மேல் நீளவும் நீளாது. தலைக்கவசத்தோடு அண்ணாந்து பார்க்க வேண்டுமே. பக்கப் பைகள், உள்ளறைகள், இழுத்து மூடும் சங்கிலிகள் ஒன்றும் கிடையாது.

சொல்லின் பிறப்பு சுருக்கமான கதை. இப்படி முதுகில் மாட்டும் பைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் றக்சாக் என்பது ஜேர்மன் சொல். முதுகை அவர்கள் 'றுக்கன்' என்பார்கள், அல்ப்ஸ் பக்கத்துப் பேச்சில் 'றுக்'. 'சாக்' என்றால் பை. அது லத்தீன், கிரேக்கம் வழியாகச் செமித்திய மொழிகள் வரை போகும் பழஞ்சொல். நாம் சொல்லும் சாக்கும் ஐரோப்பியரோடு வந்து இறங்கிய அதே சொல்தான். சிங்களத்தில் சட்டைப் பையைச் 'சாக்குவ' என்பதும் ஒல்லாந்தர் விட்டுப்போனது. ஆங்கிலம் றக்சாக்கை 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டது. பிறகு அமெரிக்கர் பேக்பேக் என்று ஒன்றைக் கட்டினார்கள். அதைத் தமிழ் எழுத்தில் எழுதினால் முதுகும் பொதியும் பையும் மூன்றும் 'பேக்' என்றே வந்து நிற்கும். தமிழ்ச் சொல் வேண்டும் என்பதற்கு அது ஒன்றே போதும். ஜேர்மன்காரர் சொன்னதை அப்படியே தமிழில் சொன்னால் முதுகுப்பை. ஒரு குறையும் இல்லாத சொல். பிள்ளைகள் பள்ளிக்கூடம் கொண்டுபோவதற்கும் அதுதான் பெயர்.

இனி அந்தப் பொதி.

அதை ஆதரிப்பவர்களின் நியாயம் எனக்குத் தெரியும். பேக்பேக்கின் பின்பாதி 'கட்டு, பொதி' என்ற பொருளுள்ள சொல், ஆகவே முதுகுப்பொதி என்பார்கள். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கட்டிய பொருளிலிருந்து நகர்ந்து, கட்டிவைக்கும் பைக்கும் பெயராகிவிட்டது. தமிழில் பொதி அப்படி நகரவில்லை. பொதிதல் என்றால் உள்ளே வைத்து மூடுதல். பொதிந்து கிடப்பதும், பொதிந்து கட்டியதும்தான் பொதி. பொதிமாடு சுமந்தது பையை அல்ல, பாரத்தை. இலங்கையில் இருப்பவர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. வெள்ளம் வந்தால் உலர் உணவுப் பொதி கொடுப்பார்கள். 2004 கடற்கோளுக்குப் பிறகு இந்தக் கரையில் எத்தனை நிவாரணப் பொதி வாங்கியிருக்கிறோம்! பொதி என்றதும் எங்கள் ஆட்கள் கேட்பது "உள்ளுக்கு என்ன இருக்கு?" என்றுதான். அரிசியா, பருப்பா, மாவா? வெறும் பொதி என்று உலகத்தில் ஒன்று கிடையாது. ஆனால் கடையில் தொங்குவது வெறும் பை. அதைப் பொதி என்று விற்றால், வாங்குகிறவன் உள்ளே இருப்பதையும் கேட்பான், அது அவன் உரிமை.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பல வருடங்களுக்கு முன் கதிர்காமத்துக்குக் காட்டுவழியாக நடந்துபோனேன். உகந்தைக் கோயிலடியில் எல்லோரும் கூடி, கூமுனைக் காட்டுக்குள் இறங்குமுன் ஒரு இரவு தங்கினோம். பக்கத்தில் மண்டூரிலிருந்து வந்த ஒரு அம்மா. மா மூட்டைத் துணியில் தானே தைத்த பை, இரண்டு கையையும் நுழைக்க இரண்டு நாடா. என்னுடையது கொழும்பில் வாங்கியது. அவர் அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பை நல்ல பைதான் சாமி. பொதிதான் கூட." பிறகு கேட்காமலே வாயை அவிழ்த்தார். இரண்டாவது போர்வை, மூன்று கட்டிச் சவர்க்காரம், கூடுதலாக இரண்டு சாரம், எல்லாம் வெளியே வந்தன. கும்புக்கன் ஆற்றைக் கடந்து அந்தப் பக்கத்து வெயிலில் நடந்தபோது ஒவ்வொரு எட்டிலும் அவரை நினைத்துக்கொண்டேன். பை வேறு, பொதி வேறு என்பதை எந்த அகராதியும் எனக்கு அவ்வளவு துப்புரவாகச் சொன்னதில்லை.

முதுகுப்பொதிக்குப் போட்டியாகச் சிலர் தோள்பை என்பார்கள். தோளில் மாட்டிப் பக்கத்தில் தொங்குவது தோள்பை. அந்தப் பெயர் ஏற்கெனவே அதற்குப் போய்விட்டது. சேர்த்து எழுதினால் தோட்பை. பலர் தோற்பை என்று எழுதி அதைத் தோலால் செய்த பையாக்கிவிடுகிறார்கள். மலையேற்றப் பை என்பது பரவாயில்லை, ஆனால் கூடாரம், அடுப்பு, ஒரு வாரச் சாப்பாடு எல்லாம் திணித்துக்கொண்டு பள்ளத்தாக்கில் நடக்கிறவரின் 60 லீற்றர்ப் பையையும் அதுவே குறிக்கும். நடப்பவரின் பையும் ஏறுபவரின் பையும் ஒன்றல்ல.

'குறைந்தபட்ச' என்பதுதான் எனக்கு அதிகம் வலிப்பது. அது அளவுக்கு உரிய சொல். குறைந்தபட்சக் கூலி என்றால் அதற்குக் கீழே போகக் கூடாத கூலி. இங்கே நாங்கள் அதை ஆகக்குறைந்த என்போம்: ஆகக்குறைந்த சம்பளம், ஆகக்குறைந்த வயது. அப்படியானால் குறைந்தபட்ச முதுகுப்பொதி என்றால் என்ன? ஆகக்குறைந்தது ஒரு பொதியாவது கொண்டுபோக வேண்டும் என்றா? மினிமலிஸ்ட் என்று அந்தப் பையைச் செய்தவர் சொல்வது அளவை அல்ல, தெரிவை. தேவைப்படாத ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து விட்டிருக்கிறார். தமிழில் அதற்குச் சிக்கனம் இருக்கிறது. சிக்கெனப் பிடித்தான் என்றால் இறுகப் பிடித்தான்; சிக்கனமும் அந்தக் குடும்பத்துச் சொல்தான். செலவில் இறுக்கம் மட்டுமல்ல, உருவத்தில் இறுக்கமும் அதில் கேட்கிறது. கச்சிதம் என்பதும் பொருந்தும். அது வடமொழி வழி வந்தது என்று தள்ளுவார்கள். அதற்காக நான் தள்ளமாட்டேன், எங்கள் தையற்காரர் வாயில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை வருகிற சொல் அது. ஆனால் கச்சிதம் அளவாகப் பொருந்துவதைச் சொல்கிறது, விட்டுவிட்டதைச் சொல்வதில்லை. எளிமை என்பதும் சரிவராது. அந்தப் பையில் எளிமை ஒன்றும் இல்லை, ஒவ்வொரு தையலிலும் யோசனை இருக்கிறது.

விடுவதும் எடுப்பதும் அங்கே உயிர் விஷயம். 1953 ஜூலை 3ஆம் நாள் நங்கா பர்பத்தின் 8126 மீற்றர் உச்சிக்கு ஒஸ்திரிய மலையேறி ஹேர்மன் பூல் தனியாக ஏறினார். அந்த உச்சியில் முதலில் கால் வைத்தவர் அவர். போகும் வழியில் பாரம் தாங்காமல் பையைப் பனியில் விட்டுவிட்டுப் போனார். கனத்த கம்பளிச் சட்டை அதற்குள் இருந்தது. இறங்கும்போது இருட்டிவிட, அது இல்லாமலே பாறையில் நின்றபடி இரவைக் கழித்தார். 1975இல் றைன்ஹோல்ட் மெஸ்னரும் பீற்றர் ஹபெலரும் 8080 மீற்றர் உயரமான முதலாம் கஷெர்புறும் மலையில் இருவராகவே ஏறினார்கள். மேலே ஏறும் வழியில் சுமைகாரர் இல்லை, முன்கூட்டியே கட்டிவைத்த கயிறோ கூடாரமோ இல்லை, ஒட்சிசன் போத்தலும் இல்லை. வேண்டியதெல்லாம் தங்கள் முதுகில். அல்பைன் என்று சொல்லப்படுவது இந்தப் பாணியைத்தான், அல்ப்ஸ் என்ற இடத்தை மட்டும் அல்ல. 'அல்பைன்' என்று எழுத்தைப் பெயர்த்துவிட்டுப் போனால் இதில் ஒன்றும் வாசகருக்குப் போய்ச் சேராது.

என் சொல் ஏறுபை. ஊறுகாய், சுடுகாடு போல வினைத்தொகை. ஏறிய பை, ஏறுகின்ற பை, ஏறும் பை: ஏறுவதற்கு உரிய பை. ஏறுவெயில், ஏறுபொழுது என்று பழைய சொற்கள் இருக்கும் வரிசையில் இதுவும் உட்காரும். ஏறு என்றால் காளை அல்லவா என்று ஒருவர் கேட்டார். ஏறுமுகம் என்றதும் யாருக்கும் காளை முகம் ஞாபகம் வருவதில்லையே. உடம்பின் எந்த இடத்தில் தொங்குகிறது என்பதை முதுகுப்பை சொல்லிவிட்டது. இந்த வகைக்கு வேண்டியது எதற்காகத் தொங்குகிறது என்பது. தேவையென்றால் சிக்கன ஏறுபை எனலாம், பெரும்பாலும் தேவைப்படாது. எங்கள் மாவட்டத்தில் ஏறப் போகிறவர் குடும்பிமலைக்குத்தான் போவார், அதற்கு ஒரு தண்ணீர்ப் போத்தல் போதும். பொருள் ஊரில் இல்லாததால்தான் சொல்லும் இல்லை. இல்லாத இடத்தில் பிழையான சொல் முதலில் வந்து குந்திக்கொண்டால் பிறகு எழுப்புவது கஷ்டம்.

அது எப்படிக் குந்துகிறது என்பதும் தெரிந்ததே. கடற்கோளுக்குப் பின் கிழக்கில் வந்து குவிந்த அறிக்கைகளை நானும் மொழிபெயர்த்திருக்கிறேன். பக்கத்துக்கு இவ்வளவு காசு, நாளை காலை வேண்டும் என்பார்கள். பொருளைக் கண்ணால் பார்க்க நேரமில்லை, கேட்க ஆளில்லை, சொல்லுக்குச் சொல் வைத்துவிட்டுப் படுக்கப் போவோம். அப்படி இரவில் வைத்த சொற்கள் இன்றைக்கும் சுற்றறிக்கைகளில் இருக்கின்றன, அவற்றில் சில என்னுடையவை. அந்தத் தம்பியை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பையை ஒரு தடவை தோளில் மாட்டிப் பார்த்திருந்தால் பொதி என்று எழுதியிருக்கமாட்டார். அடுத்த விடுமுறைக்கு மருமகன் வரும்போது கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

எழுதும்போது ஒரு கவனம்: வினைத்தொகையில் ஒற்று மிகாது. முதுகுப்பையில் ப் வரும், ஏறுபையில் வராது.