தொடாமல் வெப்பம் பார்த்து மின்னழுத்தத்தை அளக்கும் முறை

மாறுதிசை மின்னழுத்தம் கணந்தோறும் ஏறி இறங்கித் திசையும் மாறுவதால், அதன் அளவு வெப்பத்தைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது: ஒரு மின்தடையில் அது உண்டாக்கும் வெப்பத்தையே எந்த நேர்திசை மின்னழுத்தம் உண்டாக்குகிறதோ, அதுவே அதன் பயனுறு மதிப்பு. மாறுதிசை மின்னழுத்தத்தை வெப்பத்தின் வழியே அளக்கும் கருவியான வெப்ப மாற்றி இந்த வரையறையின்படியே இயங்குகிறது.

பழைய வடிவத்தில், காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய சூடேற்றுக் கம்பி ஒன்று இருக்கும். அதன் நடுவில் சிறு மின்காப்பு மணியின் வழியே தெர்மோகப்பிள், அதாவது வெப்பநிலை வேறுபாட்டைச் சிறு மின்னழுத்தமாக மாற்றும் உணரி, ஒட்டப்பட்டிருக்கும். முதலில் மாறுதிசை மின்னழுத்தத்தைக் கொடுத்து வெளியீட்டைக் குறித்துக்கொண்டு, பிறகு அதே வெளியீடு வரும்வரை நேர்திசை மின்னழுத்தத்தைச் சரிசெய்கிறார்கள். ஒரே தட்டில் முதலில் பொருளையும் பிறகு படிக்கற்களையும் வைத்து நிறுத்தால் தராசின் கோணல் கணக்கில் வராததுபோல, இங்கும் உணரியின் பிழை பெரும்பாலும் விலகிவிடுகிறது. சில நிமிடங்களுக்கு உணரியின் இயல்பு மாறாமல் இருந்தாலே போதும். என் கருத்தில் இம்முறையின் மேன்மை உணரியில் இல்லை, இந்த மாற்றீட்டில்தான் இருக்கிறது.

ஆயினும், ஒட்டியிருக்கும் தெர்மோகப்பிள் கம்பியின் வெப்பத்தை உறிஞ்சுவதோடு, மின்தேக்கியைப் போலச் செயல்பட்டு உயர் அதிர்வெண்களில் மின்னோட்டத்தின் ஒரு பகுதியையும் கசியவிடுகிறது. சூடேற்றியின் வெப்பக் கதிர்வீச்சைத் தொலைவிலிருந்தே உணரும் அகச்சிவப்பு உணரியோ அதைத் தொடுவதேயில்லை. சுமார் 130 பாகை செல்சியசில் உள்ள கரும்பரப்பின் கதிர்வீச்சு ஏறத்தாழ 7 மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் உச்சம் பெறுகிறது; அதை இந்த உணரியாகிய தெர்மோபைல் ஏற்றுச் சிறு மின்னழுத்தமாக மாற்றுகிறது. தெர்மோபைல் என்பதும் தொடராக இணைத்த பல தெர்மோகப்பிள்கள்தான் என்பது வேடிக்கை. சாதாரணக் கண்ணாடி இந்த அலைநீளத்தைத் தடுத்துவிடுவதால் குமிழுக்கு வெளியே உணரியை வைக்க முடியாது. உள்ளேயே வைக்க வேண்டும், இல்லையேல் ஜெர்மேனியம் போன்ற பொருளால் சன்னல் அமைக்க வேண்டும். கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் (கெல்வினில் அளக்கும் வெப்பநிலை) நான்காம் அடுக்கில் வளர்வதும், பரப்பு எவ்வளவு நன்றாகக் கதிர்வீசுகிறது என்னும் உமிழ்திறன் துல்லியமாகத் தெரியாததும் இங்கே தடையல்ல, ஏனெனில் இரு அளவீடுகளும் ஒரே வெளியீட்டில்தான் ஒப்பிடப்படுகின்றன.

கடினமான பகுதி சூழல் வெப்பநிலை. சூடேற்றி சூழலைவிட 100 பாகை கூடுதலாக இருக்கும்போது மின்னழுத்தம் பத்து லட்சத்தில் ஒரு பங்கு மாறினால், வெப்பநிலை சுமார் 0.0002 பாகைதான் மாறும். உணரியின் உலோக உறையின் வெப்பநிலை அந்த அளவுக்கு மாறினாலும் அளவீடு கெட்டுவிடும். ஆகவே தடித்த உலோகப் பெட்டியும் உறையின் வெப்பநிலையைக் கண்காணிக்கும் தெர்மிஸ்டரும் (வெப்பநிலைக்கேற்ப மின்தடை மாறும் உணரி) தேவை.

சூடேற்றியின் சொந்தத் தூண்டலையும் (மின்னோட்டம் மாறுவதைக் கம்பியே எதிர்க்கும் தன்மை), நேர்திசை மின்னோட்டத்தைத் திருப்பும்போது எழும் சிறு வேறுபாட்டையும் அகச்சிவப்பு உணரி நீக்காது. பின்னதற்காக இரு திசைகளிலும் அளந்து சராசரி எடுக்கிறார்கள்.