இழப்பு–சேத நிதி: யார் தருவார்கள், யாருக்குக் கிடைக்கும்?

2022ஆம் ஆண்டு வெள்ளத்தில் பாகிஸ்தானில் சுமார் 3.3 கோடிப் பேர் பாதிக்கப்பட்டார்கள். சேதமும் பொருளாதார இழப்பும் சேர்ந்து 3,000 கோடி டாலரைத் தாண்டின. புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயுக்களில் உலகம் வெளியேற்றும் மொத்தத்தில் அந்த நாட்டின் பங்கோ ஒரு சதவீதம் அளவுதான். அந்த நவம்பரில் எகிப்தின் ஷாம் எல் ஷேக்கில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில், வளரும் நாடுகளின் ஜி77 குழுவுக்குத் தலைமை வகித்ததும் பாகிஸ்தான்தான். காலநிலை மாற்றத்தால் வரும் இழப்புகளுக்கும் சேதங்களுக்கும் வளரும் நாடுகளுக்கு உதவ இழப்பு–சேத நிதி அமைக்க அங்கேதான் முடிவானது. கோரிக்கை என்னவோ பழையது. கடல்மட்டம் உயர்வதால் வரும் இழப்புக்குப் பணக்கார நாடுகள் பணம் போட்டு ஒரு காப்பீட்டு ஏற்பாடு செய்ய வேண்டும் என்று சிறு தீவு நாடுகள் சார்பில் பசிபிக் தீவு நாடான வனுவாட்டு 1991லேயே கேட்டுவிட்டது.

இதற்கு அடிப்படை 1992ஆம் ஆண்டின் காலநிலை உடன்படிக்கை. எல்லா நாடுகளுக்கும் பொறுப்பு உண்டு, ஆனால் ஒரே அளவில் இல்லை, வளர்ந்த நாடுகள் முன்னே நடக்க வேண்டும் என்கிறது அது.

சரி, யார் கேட்கலாம்? காலநிலை மாற்றத்தால் குறிப்பாகப் பாதிக்கப்படக்கூடிய வளரும் நாடுகள் என்பதே தகுதி. வீட்டையோ படகையோ இழந்தவர் நேரடியாக மனுப் போட முடியாது. அவருடைய நாட்டு அரசு வழியாகத்தான் போக வேண்டும். முதல் கட்டத்துக்கு ஒதுக்கியிருப்பது 25 கோடி டாலர். ஒரு கோரிக்கைக்கு 50 லட்சம் முதல் 2 கோடி டாலர் வரை, கடனாக இல்லாமல் மானியமாகக் கிடைக்கும். தொகையில் பாதியாவது சிறு தீவு நாடுகளுக்கும் மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கும் போக வேண்டும். மானியம் என்பது சின்ன விஷயமில்லை. காலநிலை நிதி என்று பணக்கார அரசுகள் கணக்குக் காட்டுவதில் பெரும்பகுதி வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டிய கடன்.

சிக்கல் பணம் வரும் பக்கத்தில் இருக்கிறது. யாரும் இவ்வளவு தந்தே ஆக வேண்டும் என்று விதி இல்லை. 2023இல் துபாய் மாநாட்டில் ஜெர்மனியும் ஐக்கிய அரபு அமீரகமும் தலா 10 கோடி டாலர் அறிவித்தன; அமெரிக்கா 1.75 கோடியோடு நிறுத்திக்கொண்டது. 2025 மார்ச்சில் நிதியின் நிர்வாகக் குழுவிலிருந்தும் அமெரிக்கா விலகிவிட்டது. இதுவரை எல்லா நாடுகளும் சேர்ந்து தருவதாகச் சொன்னது ஏறத்தாழ 80 கோடி டாலர். பாகிஸ்தானின் ஒரே வெள்ளக் கணக்கில் இது மூன்று சதவீதம்கூட வராது.

அப்புறம், இழப்பீடு என்று உரிமையோடு கேட்க இந்த நிதியில் வழியில்லை. பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்தின் இழப்பு–சேதப் பிரிவு இழப்பீட்டுக்கு அடிப்படை ஆகாது என்று, அந்த ஒப்பந்தம் முடிவான 2015இலேயே பணக்கார நாடுகள் தனியாக எழுதி வாங்கிவிட்டன. அந்த வரிக்காக முதலில் நின்றது அமெரிக்கா.

ஆனால் நீதிமன்ற வழி தனி. வனுவாட்டு முன்னின்று எடுத்த முயற்சியால் சர்வதேச நீதிமன்றம் 2025 ஜூலை 23 அன்று ஒரு கருத்துரை வழங்கியது. காலநிலைக் கடமைகளை மீறும் நாடு, அந்த மீறலுக்கும் சேதத்துக்கும் போதிய தொடர்பு நிரூபிக்கப்பட்டால், ஈடு செய்ய வேண்டி வரலாம் என்றது. கருத்துரை தன்னளவில் யாரையும் கட்டுப்படுத்தாது. என்றாலும், இனி வழக்குப் போடும் எந்த நாடும் முதலில் எடுத்து வைப்பது அதைத்தான்.