பேய்க்கதை படிக்கும்போது உடம்பில் என்ன நடக்கிறது?

சினிமாவில் வரும் பேய்க்குப் பயப்படுவதும் கதையில் வரும் பேய்க்குப் பயப்படுவதும் உடம்பைப் பொறுத்தவரை ஒன்றல்ல. திரையில் கதவு படாரென்று அறைந்தால் 50 மில்லி விநாடிக்குள் இமை மூடத் தொடங்கிவிடும். மூளைத்தண்டிலேயே முடிந்துபோகும் அனிச்சைச் செயல் அது; கதை புரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்துக்கு அந்தக் குறுக்குவழி கிடையாது. தாளில் இருப்பது சத்தமும் அசைவும் இல்லாத மை. கண் கால் விநாடிக்கு ஒருமுறை போல நின்று நின்று நகர்கிறது. எழுத்து சொல்லாகி, சொல் பொருளாகி, பொருள் மனக்கண்ணில் படமாகிறது. பயம் பெரும்பாலும் அந்தப் படத்திலிருந்துதான் கிளம்புகிறது.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். மனக்கண்ணில் படமே தோன்றாத மனிதர்கள் உண்டு. அந்த நிலைக்கு அஃபான்டேசியா என்று பெயர். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் அப்படிப்பட்ட 22 பேரையும், படம் தோன்றும் 24 பேரையும் இருட்டறையில் உட்காரவைத்து, பயமூட்டும் சம்பவங்களை எழுத்தில் மட்டும் படிக்கவைத்தார்கள். 2021இல் முடிவு வெளியானது. படம் தோன்றுகிறவர்களுக்குக் கதை போகப் போக வியர்வை அரும்பி, தோலின் மின்கடத்தும் திறன் உயர்ந்துகொண்டே போனது. மற்றவர்களுக்கு அந்த அளவு ஏறக்குறைய மாறாமலே கிடந்தது. ஆனால் பயங்கரமான புகைப்படங்களைக் காட்டியபோது இரு தரப்புக்கும் ஏறியது. படம் தோன்றாதவர்களும் பயப்படக்கூடியவர்கள்தான், எழுத்து அவர்களைப் பயமுறுத்தவில்லை, அவ்வளவே.

படம் உருவானதும், நெற்றிப்பொட்டின் பக்கம் மூளைக்குள் இருக்கும், ஆபத்தை உணரும் பகுதியான அமிக்டலா உஷாராகிறது. அங்கிருந்து மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸுக்கும், உடம்பை முடுக்கிவிடும் பரிவு நரம்புகள் வழியாகச் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்கும் செய்தி போகிறது. நெஞ்சு வேகமாக அடிக்கும், கண்மணி விரியும், குடலின் அசைவு மந்தமாகும், மயிர்க்கால்களோடு ஒட்டிய நுண்தசைகள் சுருங்கி மயிர் கூச்செறியும். அந்தச் சுரப்பி ரத்தத்தில் கலந்த அட்ரீனலின் என்ற ஹார்மோன் சில நிமிடங்களில் பாதியாகக் குறைந்துவிடும். பயம் பலமாக இருந்தால் கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் சுரக்கும். அது உச்சத்தை எட்டவே 20 முதல் 30 நிமிடம் ஆகும். புத்தகத்தை மூடிவைத்த பிறகும் கொல்லைப்பக்கம் போகத் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். அதற்கான சரக்கை எழுத்தாளர் தருவதில்லை, வாசகரின் ஞாபகம் தருகிறது. ‘படித்துறை’ என்ற ஒரு சொல் போதும், கும்பகோணத்துக்காரருக்குப் பாசி வழுக்கும் கடைசிப் படியும் காலைக் கொத்தும் மீன்குஞ்சும் தானாக வந்துவிடும். பனி மூடிய மலைக்கோட்டையை அவர் எங்கோ பார்த்த சினிமாவிலிருந்து கடன் வாங்க வேண்டும். டெல்டா வாசகரைப் பயமுறுத்த நினைப்பவருக்கு மதகும் களத்துமேடும் பம்புசெட்டுக் கொட்டகையும் தாராளமாகப் போதும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்க்கலாம். மழைக்காலத்தில் சம்பா வயலில் ராத்திரி முழுக்கத் தவளை கத்தும். வரப்பில் ஆள் நடந்தால் தரையின் அதிர்வு பட்டு அந்தப் பக்கத்துத் தவளைகள் அடங்கிவிடும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மறுபடி ஆரம்பிக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இப்போது இதைப் படியுங்கள்: “தெற்கு வரப்புத் தவளைகள் அடங்கின. பிறகு நடு வரப்பு. பிறகு கிணற்றடி.” யாரோ வீட்டை நோக்கி வருகிறார்கள் என்று எந்த வரியும் சொல்லவில்லை. சொல்லாததாலேயே வருவது யார், எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் நம் மூளை போட்டுக்கொள்கிறது.

காரைக்கால் அம்மையாருக்கு இந்த வித்தை சுமார் 1,500 ஆண்டுகளுக்கு முன்பே கைவந்திருக்கிறது. மூத்த திருப்பதிகத்தின் முதல் பாட்டில் வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த கண், வெள்ளைப் பல், ஒட்டிய வயிறு, சிவந்த தலைமயிர், நீண்ட கோரைப்பல், துருத்திய கணுக்கால் என்று ஒவ்வொன்றாகக் காட்டிவிட்டு, அதன் பிறகே ‘பெண்பேய்’ என்கிறார். பெயர் வருவதற்குள் உருவம் நம் முன்னால் நிற்கிறது.

எங்கே கெடுகிறது? பேயைச் சீக்கிரம் காட்டிவிடுவது முதல் கோளாறு. திருவிடைமருதூர்த் தலபுராணத்தில் பிராமணனைக் கொன்ற பாவமாக வரகுண பாண்டியனைத் துரத்திவந்த பிரம்மஹத்தி, கோயிலுக்குள் போன அவன் திரும்பி வருவான் என்று கிழக்கு வாசலிலேயே காத்திருக்கிறது. அவன் மேற்கு வாசல் வழியே போய்விடுகிறான். அந்தக் கதையின் பயமெல்லாம் காத்திருப்பதில் இருக்கிறது. இரண்டாவது, பக்கத்துக்குப் பக்கம் ரத்தமும் குடலும். அது அருவருப்பைத்தான் கிளப்பும். அருவருப்பு வேறு உணர்ச்சி, பலர் புத்தகத்தையே மூடிவிடுவார்கள். மூன்றாவது, விதி மாறுவது. மூன்றாம் அத்தியாயத்தில் வேப்பிலைக்கு அஞ்சிய முனி ஒன்பதாம் அத்தியாயத்தில் வேப்பமரத்தடியில் நின்றால் நம்பிக்கை அங்கேயே போய்விடும். மாயக்கதைக்குத்தான் விதிகள் கறாராக வேண்டும். நடுவில் விளக்கம் சொல்வதும் கெடுதல். தண்ணீர் தேங்கிய வயல் சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. கொள்ளிவாய்ப் பிசாசுக்கு அதையே காரணமாகச் சொல்வதுண்டு. ஆனால் பிசாசு தெரியும் நேரத்தில் ஒரு பாத்திரம் இந்தப் பாடத்தை எடுத்தால் வாசகரின் மனக்கண் படத்தை விட்டுவிட்டுப் பாடத்துக்குப் போய்விடும்.

ஒரு கதையைப் பற்றி “பயமா இருந்துச்சு” என்று மட்டும் சொன்னால் எழுதியவருக்கு ஒரு பயனும் இல்லை. உருப்படியாகச் சொல்ல ஒரு வழி இருக்கிறது. படிப்பதற்கு முன் ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்து, மணிக்கட்டில் நாடித்துடிப்பை 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். பென்சிலோடு படியுங்கள். உடம்பில் ஏதாவது மாறிய இடத்தில் ஓரத்தில் கோடு, படம் கலைந்த இடத்தில் சுழி. பெரிய கோடு விழுந்த இடத்தில் மறுபடி நாடி பாருங்கள். எண்ணுவதற்கு நிறுத்தினாலே படபடப்பு கொஞ்சம் தணியும் என்பதால் இது தோராயக் கணக்குதான். மறுநாள் பகலில் கோடு விழுந்த வரிகளை விட்டு, அவற்றுக்கு முந்தைய பத்து வரிகளைப் படியுங்கள். பயத்தைச் செய்த வேலை அநேகமாக அங்கேதான் நடந்திருக்கும். எழுதியவரிடம் சொல்ல வேண்டியது அந்த வரிகளைப் பற்றி.

பயம் அதிகமானால் சுவையும் அதிகம் என்பது சரியல்ல. டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக்குள் போன 110 பேரின் இதயத்துடிப்பை அளந்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், பயம் மிகக் குறைந்தாலும் மிக அதிகமானாலும் ரசனை குறைந்தது, நடுவில்தான் உச்சம். அந்த நடு ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே ஒருவர் பாதியில் மூடிவைத்த கதை மோசமான கதை என்று ஆகிவிடாது.

கடைசியாக, தூக்கம். கனவு வரும் தூக்கநிலையில் நாம் எழுந்து ஓடிவிடாதபடி மூளை தசைகளைச் செயலிழக்கச் செய்திருக்கும். அது விலகுவதற்குள் விழிப்பு வந்தால் நெஞ்சில் யாரோ உட்கார்ந்து அழுத்துவதுபோல இருக்கும். ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். தூக்கம் கெட்டவர்களுக்கும் மல்லாந்து படுப்பவர்களுக்கும் இது அதிகம். எனவே பேய்க்கதையைப் படுக்கையில் முடிக்காமல், முடித்த பிறகு அரை மணி நேரமாவது வேறு வேலை பார்த்துவிட்டு ஒருக்களித்துப் படுப்பது நல்லது. அப்படியும் வந்தால் மூச்சைச் சீராக விட்டு, ஒரு விரல் நுனியை மட்டும் அசைக்க முயலலாம். பெரும்பாலும் ஓரிரு நிமிடங்களில் தானாகவே விலகிவிடும். அடிக்கடி வந்தால் மருத்துவரைப் பாருங்கள்.