பிரீமியம் குறைந்தது சரி, ரூம் வாடகை வரியைப் படித்தீர்களா?

காரைக்குடியில் மருத்துவக் காப்பீடு கேட்டு என்னிடம் வருபவர்களில் பலர் அறுபதைத் தாண்டியவர்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். பெரிய ஆபரேஷன் என்றால் மதுரைக்கோ திருச்சிக்கோதான் போகவேண்டும். அண்மைச் சீர்திருத்தங்களை இவர்களை மனத்தில் வைத்தே பார்க்கிறேன்.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கிடையாது. 30,000 ரூபாய் பிரீமியத்தில் 5,400 ரூபாய் மிச்சம். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது 2024இல் வந்த மாற்றம். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் (அதுவரை அந்த நோய்க்குக் கிளைம் கிடைக்காது) அதிகபட்சம் நான்கு வருடம் என்பது மூன்றானது. ஐந்து வருடம் விடாமல் புதுப்பித்துவிட்டால், 'நோயைச் சொல்லவில்லை' என்று கிளைமை மறுக்க முடியாது. மோசடி என்று நிரூபித்தால் மட்டுமே முடியும். முன்பு இதற்கு எட்டு வருடம்.

இதை நம்பி நோயை மறைக்காதீர்கள். தேவகோட்டை ஆச்சி ஒருவர், "சக்கரையை எழுதினா பிரீமியம் ஏறுமாமே, விட்ருவமா தம்பி?" என்றார். எழுதியே ஆகவேண்டும் ஆச்சி என்றேன். வேண்டுமென்று மறைத்தால் அதையே மோசடி என்பார்கள்.

65 வயதுக்கு மேல் புதிய பாலிசி இல்லை என்ற வரம்பும் போய்விட்டது. ஆனாலும் பரிசோதனை முடிவைப் பார்த்து நிறுவனம் மறுக்கலாம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் பிரீமியம் ஏற்ற, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐயிடம் நிறுவனம் முன்கூட்டியே பேசவேண்டும். ஐம்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்தக் காவல் இல்லை. இது பெரிய குறை.

டிஸ்சார்ஜுக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் அனுமதி மூன்று மணி நேரத்துக்குள் வரவேண்டும். தாமதத்தால் கூடும் செலவு நிறுவனத்தின் தலையில். நல்ல விதிதான். ஆனால் நேரம் ஓடத் தொடங்குவது டாக்டர் "வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னதும் அல்ல, ஆஸ்பத்திரி கோரிக்கையை அனுப்பிய பிறகே. பில்லை எப்போது அனுப்பினார்கள் என்று கவுன்ட்டரில் கேளுங்கள்.

இந்தச் சீர்திருத்தங்கள் எதுவும் தொடாதது ரூம் வாடகை வரம்பு. மூன்று லட்ச ரூபாய் பாலிசியில் '1 சதவீதம்' என்று இருந்தால் நாளுக்கு 3,000 ரூபாய். 6,000 ரூபாய் ரூம் எடுத்தால் வாடகையில் மட்டும் பாதி போகும் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் கட்டணம் என்று நிறுவனம் தருவது எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, உள்ளே பொருத்தும் கருவி, பரிசோதனைக் கட்டணங்களில் இப்படி வெட்டக் கூடாது. வெட்டியிருந்தால் கேட்டு வாங்குங்கள். ஏசி ரூமுக்கு ஆசைப்பட்டு பில்லில் பெரும்பங்கைக் கைப்பணத்தில் கட்டிய குடும்பங்களைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். படுக்கையில் சேர்க்கும் முன் பாலிசியின் அந்த ஒரு வரியைப் படியுங்கள், அல்லது சிங்கப்பூர்ப் பிள்ளைக்குப் படம் பிடித்து அனுப்பிக் கேளுங்கள்.

கிளைமை மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். நிறுவனம் மறுத்த ஒரு வருடத்துக்குள் எழுதிவிடவேண்டும்.