தேய்மானப் போரா, சளைப்புப் போட்டியா?

‘இரு வண்ணத்துப்பூச்சிகள் தேய்மானப் போரில் ஈடுபட்டன.’ மொழிபெயர்ப்புக் கட்டுரை ஒன்றில் நேற்றும் படித்தேன். எது தேய்ந்ததாம், இறக்கையா காலா?

மூலம் ‘வார் ஆஃப் அட்ரிஷன்’. உராய்ந்து தேய்த்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. எதிரியின் ஆளையும் ஆயுதத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும் போருக்குப் படைத்துறை வைத்த பெயர். 1974இல் பரிணாம உயிரியலாளர் ஜான் மேனார்ட் ஸ்மித் அதை விலங்குகளின் மோதலுக்கு எடுத்தாண்டார். பொருள் மாறியது அங்கேதான். அவருடைய கணித மாதிரியில் யாருக்கும் காயமில்லை. இரண்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். முதலில் விலகுவது தோற்கும். செலவு நேரம் மட்டுமே; தோற்றது எவ்வளவு நேரம் நின்றதோ அதுவேதான் வென்றதற்கும் செலவு.

காட்டுத் தரையில் விழும் வெயில் திட்டை ஓர் ஆண் பூச்சி பிடித்து வைத்திருக்கிறது. இன்னோர் ஆண் வந்தால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுற்றி மேலே எழும். சில நொடிகளில் வந்தது போய்விடும். இரண்டுமே அத்திட்டைத் தனதென்று நினைத்தால்? 1978இல் விலங்கியலாளர் நிக் டேவிஸ் அப்படி நினைக்க வைத்துப் பார்த்தார். சுழற்சி சுமார் 10 மடங்கு நீண்டது. கடைசியில் ஒன்று சளைத்தது, அவ்வளவே.

‘செல்வத்தைத் தேய்க்கும் படை’ என்று குறளிலேயே இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். அங்கே செல்வம் நிஜமாகவே குறைகிறது. படைத்துறைக்குத் ‘தேய்வுப் போர்’ தாராளமாகப் பொருந்தும். தேய்மானமோ கணக்கர் சொல். ஆண்டுக்கு ஆண்டு எந்திரத்தின் மதிப்பைக் குறைத்து எழுதுவது. அது ஏன் பூச்சிக்கு? ‘தாக்குப்பிடிப்புப் போட்டி’ என்றார் நண்பர் ஒருவர். தாக்குதலே இல்லாத இடத்தில் தாக்கு எதற்கு? ‘காத்திருப்புப் போட்டி’யும் ஒட்டவில்லை, எதிரி இல்லாமலும் காத்திருக்கலாம்.

‘சளைப்புப் போட்டி’ என்பேன். சளைத்தல் என்றால் களைப்பதும் உண்டு, பின்வாங்குவதும் உண்டு. ‘நான் சளைத்தவன் அல்ல’ என்று நாம் மார்தட்டுவதில் மேனார்ட் ஸ்மித்தின் கணக்கு பாதி வந்துவிடுகிறது. போர் என்ற சொல்லும் தொலையும்.

அகராதியின் முதல் பொருளைப் பிடுங்கி ஒட்டுபவர்கள்தான் விலங்கு மோதலின் இன்னொரு மாதிரியான ‘ஹாக்–டவ் கேம்’ என்பதைக் ‘கழுகு–புறா ஆட்டம்’ என்றும் எழுதுகிறார்கள். மூலத்தில் இருப்பது பருந்து. அதைவிட மோசம், அவை இரு பறவைகளே அல்ல. ஒரே இனத்துக்குள் இரண்டு போக்குகள். காயம்படும் வரையோ எதிரி விலகும் வரையோ விடாமல் மோதுவது ஒன்று, மிரட்டிப் பார்த்து விலகுவது மற்றொன்று. இது புரியாமல் அப்படி எழுதிய ஒரு கட்டுரைக்குக் கழுகு புறாவைக் கவ்விப் பறக்கும் படம் வேறு போட்டிருந்தார்கள்.