டிடிஎஸ் மட்டும் பார்த்தால் போதுமா? போர் தண்ணீரும் பத்தாம் வகுப்பு அட்டவணையும்

ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். ரிப்போர்ட்டைக் கையில் வாங்கியதும் முக்கால்வாசிப் பேர் தேடுவது டிடிஎஸ் எண்ணை மட்டும்தான். 500க்குள் இருந்தால் நிம்மதி. 2000ஐத் தாண்டிவிட்டால், "ஆர்.ஓ. போட்டுடலாமா சார்?" டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பெல்லாம் சேர்ந்த மொத்தக் கணக்கு. அது எந்த உப்பு என்பது அதற்குக் கீழே இருக்கும் சோடியம், கால்சியம், குளோரைடு, ஃபுளோரைடு என்ற வரிகளில்தான் இருக்கிறது. அந்த வரிகளைப் படிக்க, பரீட்சைக்கு உருப்போட்டு மறந்த தனிம வரிசை அட்டவணை நன்றாகவே கைகொடுக்கும்.

1869இல் ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவ் அதை அமைத்தபோது 63 தனிமங்கள்தான் தெரிந்திருந்தன. அணு எடைப்படி அடுக்கிக்கொண்டே போனவர், குணம் ஒத்தவை ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்படி வரிசையை மடக்கினார். பொருந்தாத இடத்தில் எதையாவது திணிக்காமல் காலியாக விட்டார். சிலிக்கானுக்குக் கீழே வரவேண்டியதன் அணு எடை சுமார் 72 இருக்கும் என்றார். 1886இல் ஜெர்மானியம் கிடைத்தது, எடை 72.6. எடையை விட அணு எண்தான் சரியான அடுக்குமுறை என்று 1913இல் ஆங்கிலேய இயற்பியலாளர் மோஸ்லி காட்டினார். இன்றைக்கு 118 தனிமங்கள், 7 தொடர்கள், 18 தொகுதிகள். ஒரே தொகுதியில் நேர்கீழாக நிற்பவற்றுக்குப் பெரும்பாலும் வெளிக்கூட்டு எலக்ட்ரான் எண்ணிக்கை ஒரே அளவுதான். குணமும் அதனால்தான் ஒத்துப்போகிறது.

இந்த ஒற்றுமையை நம் உடம்பும் பார்க்கிறது, சில சமயம் ஏமாறவும் செய்கிறது. முதல் தொகுதியில் சோடியத்துக்கு நேர்கீழே பொட்டாசியம். 'சோடியம் குறைந்த உப்பு' என்று கடையில் விற்கும் பாக்கெட்டில் சோடியம் குளோரைடில் ஒரு பகுதியை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருப்பார்கள். நாக்குக்கு அதுவும் கரிக்கும். ஆனால் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் சில வகை பி.பி. மாத்திரை எடுப்பவர்களுக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பையே குலைக்கலாம். டாக்டரைக் கேட்காமல் அந்த உப்புக்கு மாறாதீர்கள்.

17ஆம் தொகுதியின் உச்சியில் ஃபுளோரின், அதற்குக் கீழே குளோரின். ரிப்போர்ட்டிலும் ஃபுளோரைடு, குளோரைடு என்று அண்ணன் தம்பி போலத்தான் இருக்கும். வரம்பைப் பாருங்கள்: இந்தியத் தர நிர்ணயப்படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம், ஃபுளோரைடு வெறும் 1. வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் ஃபுளோரைடு 1.5 வரை. தொகுதியில் மேலே போகப்போக அணு சிறுக்கும். ஃபுளோரைடு அயனி சிறியது. பல்லிலும் எலும்பிலும் ஹைட்ராக்சைடு இருக்கும் இடத்தில் கச்சிதமாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். குளோரைடு அயனி பெரியது, அதற்கு அந்த இடம் அவ்வளவு எளிதில் அமையாது. பாறைப் பகுதி ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் வாய்க்குச் சுவையாக இருந்தும் பிள்ளைகளின் பல் கறை படிவதற்கு இது ஒரு காரணம். காய்ச்சினால் போய்விடும் என்று நினைப்பவர்கள் அதிகம். கிருமி சாகும், உப்பு போகாது. நீர் ஆவியாகப் போவதால் உப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

அப்புறம் குரோமியம். எங்கள் பக்கம் இதைப் பேசாமல் தண்ணீரைப் பேச முடியாது. முன்பு ஆவாரம் பட்டை போட்டுப் பதனிட்ட தோலை இப்போது டேனரிகளில் பெரும்பாலும் குரோமியம் சல்பேட் போட்டுப் பதனிடுகிறார்கள். வெளிர்நீலமாக அடுக்கி வைத்திருக்கும் வெட் ப்ளூ தோல் அதுதான். அட்டவணையின் நடுப்பகுதியில், 6ஆம் தொகுதியில் இருக்கும் இடைநிலைத் தனிமம் குரோமியம். ஓரத்தில் இருக்கும் சோடியம் ஒரே ஒரு எலக்ட்ரானைத்தான் விடும். நடுவில் இருப்பவை அப்படியில்லை. குரோமியம் மூன்று இணைதிறனிலும் (மூன்று எலக்ட்ரானை விட்ட நிலை) இருக்கும், ஆறிலும் இருக்கும். தோலில் போய்ப் பிடிப்பது மூன்று. குரோமேட் என்கிற மஞ்சள் உப்பில் இருப்பது ஆறு.

மெண்டலீவின் 1871 அட்டவணையில் குரோமியமும் கந்தகமும் ஒரே ஆறாம் தொகுதியில் இருந்தன. இரண்டுமே அதிகபட்சமாக மூன்று ஆக்சிஜனோடு சேரும் என்பதுதான் அவர் பார்த்த ஒற்றுமை. பின்னால் வந்த அட்டவணை கந்தகத்தை 16ஆம் தொகுதிக்குக் கொண்டுபோய்விட்டது. நம் செல்களோ இன்னும் பழைய அட்டவணையையே பின்பற்றுகின்றன! குரோமேட் அயனியின் வடிவம் சல்பேட் மாதிரியே இருப்பதால், சல்பேட்டுக்கென்று இருக்கும் வழியில் அது உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே போய் மூன்றாக மாறும்போதுதான் மரபணுவைச் சிதைக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதிப்படுத்தியிருக்கிறது. மூன்று இணைதிறனுக்கு அந்த நுழைவு எளிதில் கிடைப்பதில்லை.

ராணிப்பேட்டையில் மூடிக்கிடக்கும் ஒரு குரோமேட் ஆலையில் லட்சம் டன்னுக்கு மேல் கழிவு குவிந்துபோனது ஊரறிந்த கதை. அங்கே பிரச்சினை ஆறு இணைதிறன் குரோமியம். டேனரிக் கழிவில் பெரும்பாலும் மூன்று, அதோடு தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட ஏராளமான கறியுப்பு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிப் பேசுவது யாருக்கும் உதவாது. அதற்காக மூன்றை அலட்சியம் செய்யவும் முடியாது. குரோம் தோல் துண்டுகளைக் காற்றோட்டத்தில் எரித்தால் ஒரு பகுதி ஆறாக மாறி சாம்பலில் தங்கும். வெந்நீர் அடுப்பில் விறகுக்குப் பதில் தோல் துண்டு போடுகிற வீடுகள் தயவுசெய்து நிறுத்துங்கள். அந்தச் சாம்பல் செடிக்கும் வேண்டாம், பாத்திரம் விளக்கவும் வேண்டாம்.

குடிநீரில் மொத்தக் குரோமியத்துக்கு வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம். ரிப்போர்ட்டில் வெறும் 'குரோமியம்' என்று இருந்தால் அது மொத்தம்தான். ஆறு எவ்வளவு என்று தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். அமிலம் சேர்த்த மாதிரியில் டைஃபீனைல் கார்பசைடு என்ற ரசாயனத்தை விட்டதும், ஆறு இருந்தால் செவ்வூதா நிறம் ஏறும். தண்ணீர் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிவதற்கு வெகு முன்பே இந்தச் சோதனை காட்டிக்கொடுத்துவிடும்.

இதற்கு மாதிரி எடுப்பதில்தான் பலர் சொதப்புகிறார்கள். கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் பிடித்து வராதீர்கள். ஒட்டியிருக்கும் சர்க்கரையும் அழுக்கும் ஆறை மூன்றாக்கிவிட்டால் ரிப்போர்ட் பொய்யாக நல்லதாக வரும். மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, புது பிளாஸ்டிக் கேனை அதே தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிடியுங்கள். நீங்களாக எதையும் சேர்க்க வேண்டாம். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். எந்த ஊர், போர் எத்தனை அடி, பக்கத்தில் என்ன ஆலை என்பதைக் கேன் மேலேயே எழுதிவிட்டால் எதையெல்லாம் சோதிக்க வேண்டும் என்று நாங்களே சொல்லிவிடுவோம்.